தாடையின் நிலையும் மூச்சுப் பாதையின் அளவும்

குறட்டை என்றாலே பருத்த உடம்பு, தடித்த கழுத்து, தொப்பை என்றுதான் நம் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். இரவு 10 மணிக்கு மாட்டுத்தாவணியில் கிளம்பும் சென்னைப் பேருந்தில், மேலூர் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிற பயணிகளைக் கவனித்தால் அந்த எண்ணம் முழுமையானதல்ல என்பது தெரியும். எலும்பும் தோலுமாக இருக்கும் ஒருவர், தலை மார்பை நோக்கித் தொங்க, வாய் பிளந்து, பின் இருக்கை வரை கேட்கும்படி குறட்டை விடுவார். பக்கவாட்டில் பார்த்தால் அவருடைய கீழுதட்டுக்குக் கீழே முகம் நேராகக் கழுத்துக்குள் சரிந்துவிடும்; நாடி என்று தனியாக ஒன்று எடுப்பாகத் தெரியாது. குறட்டை விடும் ஒல்லியானவர்கள் எல்லாருக்கும் இப்படி இருப்பதில்லை. ஆனால் இப்படி இருப்பவர்களுக்கு, மூச்சு போகும் வழி குறுகியதற்கான காரணத்தில் ஒரு பெரும் பங்கு எலும்பிலேயே இருக்கக்கூடும்.

வளர்ச்சி முடிந்த பெரியவர்களுக்கு மேல்தாடையும் கீழ்த்தாடையும் நிற்கும் இடத்துக்கும், அவற்றின் பின்னால் மூச்சு செல்லும் வழியின் அளவுக்கும் உள்ள உறவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த உறவு உண்மையானது; ஆனால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைக் கணித்துவிடும் அளவுக்கு நேரடியானதல்ல. பக்கவாட்டுப் புகைப்படத்தைக் காட்டியே நோயைச் சொல்லிவிடும் காணொளிகள் பெருகிவிட்ட இந்நாளில், இந்த இரண்டாவது செய்தியையும் முதல் செய்தியோடு சேர்த்தே தெரிந்துகொள்வது நல்லது.

தாங்கலற்ற ஒரு நீளம்

மூக்குத் துளை தொடங்கிக் குரல்வளை வரை உள்ள பகுதியை மேல் மூச்சுப் பாதை என்கிறோம். இதில் மூக்கின் உள்ளறை எலும்பாலும் குருத்தெலும்பாலும் சூழப்பட்டிருக்கிறது. குரல்வளையும் அதற்குக் கீழுள்ள மூச்சுக்குழாயும் குருத்தெலும்பின் தாங்கலால் திறந்தே இருக்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள தொண்டைக்கு மட்டும் அப்படிப்பட்ட தாங்கல் கிடையாது. பெரியவர்களுக்குச் சுமார் 12 முதல் 14 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தத் தசைக் குழாயின் பின்சுவர் கழுத்து முள்ளெலும்புகளை ஒட்டி நிற்கிறது. முன்சுவராக அமைபவை மெல்லண்ணமும் நாக்கின் அடிப்பகுதியும். பக்கச் சுவர்களில் தசை, கொழுப்பு, டான்சில் ஆகியவை இருக்கின்றன. விழுங்கவும் பேசவும் இந்தக் குழாய் சுருங்கி விரிய வேண்டும் என்பதால் அது இறுகிய குழாயாக இருக்க முடியாது. அதே நெகிழ்ச்சிதான் தூக்கத்தில் அதன் பலவீனமாகிறது.

இனி, முன்சுவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மெல்லண்ணம், வாயின் கூரையாகிய வல்லண்ணத்தின் பின்விளிம்பிலிருந்து தொங்குகிறது. வல்லண்ணம் மேல்தாடையோடு சேர்ந்தது. நாக்கின் பெரும்பகுதியாகிய தசை, கீழ்த்தாடையின் உட்புறத்தில், முன்பற்களுக்குக் கீழே நடுக்கோட்டில் இருக்கும் சிறிய எலும்பு மேட்டிலிருந்து புறப்பட்டுப் பின்னோக்கி விரிகிறது. நாக்கின் அடியில், குரல்வளைக்கு மேலே, குதிரை லாட வடிவில் நாவடி எலும்பு என்று ஒன்று உண்டு. உடம்பில் வேறெந்த எலும்போடும் மூட்டு இல்லாமல் தசைகளாலும் தசைநார்களாலும் மட்டுமே தொங்கும் எலும்பு அது. அதை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் தசைகள் கீழ்த்தாடையிலிருந்தே வருகின்றன. ஆக, தொண்டையின் முன்சுவர் முழுவதும் இரண்டு தாடைகளிலிருந்து கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம். சித்திரைத் திருவிழாவுக்கு வீதியில் போடும் துணிப் பந்தலில், முன்வரிசைக் கால்களைத் தள்ளி ஊன்றினால் துணி விறைத்து நிற்கும். உள்ளே இழுத்து ஊன்றினால் அதே துணி தொய்ந்து நடப்பவர் தலையில் இடிக்கும். கீழ்த்தாடை பின்தங்கி நின்றால் நாக்கின் அடிப்பகுதிக்கும் இதுதான் நேர்கிறது.

தொய்வு சில மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் காற்று செல்லும் குழாயில் சில மில்லிமீட்டர் என்பது சிறிய கணக்கல்ல. 11ஆம் வகுப்பு இயற்பியலில் வரும் பாய்சொய் விதியின்படி, சீராக ஓடும் பாய்மத்துக்குக் குழாய் தரும் தடை, ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் 8 மில்லிமீட்டராகக் குறுகினால் தடை ஏறக்குறைய 2.4 மடங்காகிறது, 5 மில்லிமீட்டராகக் குறுகினால் 16 மடங்காகிறது. தொண்டை வட்டக் குழாயுமல்ல, அதில் காற்று எப்போதும் சீராக ஓடுவதுமில்லை என்பதால் இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் குறுகல் கூடக் கூடத் தடை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை அவை சரியாகவே காட்டுகின்றன. அதோடு, குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நெகிழ்ந்த சுவர்கள் உள்நோக்கி இழுக்கப்படுகின்றன. சுவர் அதிர்ந்தால் குறட்டை. சுவர்கள் ஒட்டிக்கொண்டால் மூச்சுத் தடை. தூக்கத்தில் இந்தத் தடை திரும்பத் திரும்ப நிகழ்வதைத்தான் இக்கட்டுரையில் நோய் என்கிறேன்.

விழித்திருக்கும்போது இந்தச் சிக்கல் எழாததற்குக் காரணம், நாக்கையும் அண்ணத்தையும் இழுத்துப் பிடிக்கும் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் சற்று முன்பாகவே இறுகிவிடுவதுதான். பிறவியிலேயே குறுகலான தொண்டை உள்ளவருக்கு விழித்திருக்கும் நேரத்தில் இந்தத் தசைகள் மற்றவர்களைவிட அதிகமாக உழைக்கின்றன. தூக்கம் வந்ததும் அந்த உழைப்பு தளர்கிறது. கனவு காணும் கட்டத்தில் மிகவும் தளர்கிறது. மது அருந்திவிட்டோ தூக்க மாத்திரை போட்டோ படுத்தால் இன்னும் தளரும். மல்லாந்து படுத்திருந்தால் புவியீர்ப்பு நாக்கையும் தாடையையும் பின்னுக்கு இழுக்கிறது. “மல்லாக்கப் படுத்தாத்தான் இந்தச் சத்தம், ஒருக்களிச்சா நின்னுருது” என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்வது வெறும் புலம்பல் இல்லை. தடை எந்த நிலையில் நிகழ்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லும் தகவல் அது. அதை மருத்துவரிடம் அப்படியே சொல்ல வேண்டும்.

இதை அவரவரே சோதித்துப் பார்க்கலாம். தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, வாயை மூடி, மூக்கால் மூச்சை இழுத்து வேண்டுமென்றே குறட்டைச் சத்தம் எழுப்புங்கள். பெரும்பாலானவர்களுக்கு எளிதில் வரும். பிறகு கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் வரும்வரை தாடையை முன்னே நீட்டி, அதே நிலையில் மறுபடியும் அந்தச் சத்தத்தை எழுப்ப முயலுங்கள். பலருக்குச் சத்தம் வராது, அல்லது மிகவும் மெலிந்துவிடும். மூச்சு மட்டும் தடையின்றி உள்ளே போவதை உணரலாம். தாடை மூட்டில் வலி இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டியதில்லை.

மயக்க மருத்துவர்கள் இந்த உறவை நாள்தோறும் கையால் தொட்டு அறிகிறவர்கள். மயக்க மருந்து ஏறியதும் நோயாளியின் தசைகள் தளர்ந்து தொண்டை அடைபடத் தொடங்கினால், காதுக்குக் கீழே தாடை திரும்பும் மூலையில் இரு கைவிரல்களையும் வைத்துக் கீழ்த்தாடையை மேலும் முன்னுமாகத் தூக்குவார்கள்; நின்றிருந்த மூச்சு மறுகணமே ஓடத் தொடங்கும். நினைவிழந்து கிடப்பவருக்கு முதலுதவியாகத் தலையைப் பின்சாய்த்து மோவாயை உயர்த்தச் சொல்வதும் இதே காரணத்தால்தான். அறுவைக்கு முந்தைய நாள், வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி அவர்கள் பார்க்கும் சோதனை, இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மயக்க மருத்துவர் சேஷகிரி மல்லம்பட்டி 1985இல் வெளியிட்ட முறை. உள்நாக்கும் தொண்டையின் பின்சுவரும் நன்றாகத் தெரிந்தால் வாய்க்குள் இடம் போதுமானது; நாக்கு எல்லாவற்றையும் மறைத்து வல்லண்ணம் மட்டும் தெரிந்தால், இருக்கும் இடத்துக்கு நாக்கு பெரிது அல்லது நாக்குக்கு இடம் சிறிது என்று பொருள்.

கூடு மாறுவதில்லை, உள்ளிருப்பது மாறுகிறது

நாக்கு பெரிதா, இடம் சிறிதா என்ற இந்தக் கேள்விதான், என் பார்வையில், பெரியவர்களின் மூச்சுப் பாதையைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும் கேள்வி. தாடைகளும் கழுத்தெலும்பும் சேர்ந்து ஓர் எலும்புக் கூட்டை அமைக்கின்றன. அந்தக் கூட்டுக்குள் நாக்கு, அண்ணம், கொழுப்பு, டான்சில் எல்லாம் அடைபட்டிருக்கின்றன. இவை போக மிஞ்சுகிற வெற்றிடமே மூச்சுப் பாதை. கூடு சிறுத்தாலும் மிச்சம் குறையும். உள்ளிருப்பது பெருத்தாலும் மிச்சம் குறையும்.

பெண்களுக்கு ஏறக்குறைய 16, 17 வயதிலும், ஆண்களுக்கு 18 முதல் 20 வயதுக்குள்ளும் தாடையின் வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அறுவை செய்தாலொழியக் கூட்டின் அளவு குறிப்பிடும்படி மாறுவதில்லை. ஆனால் உள்ளிருப்பது வாழ்நாள் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கிறது. எடை கூடும்போது கொழுப்பு வயிற்றில் மட்டும் சேர்வதில்லை. நாக்குக்குள்ளும் தொண்டையின் பக்கச் சுவர்களிலும் சேர்கிறது. வயது ஏற ஏறத் தசையின் விறைப்பு குறைகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு தூக்கத்தில் மூச்சுத் தடை ஏற்படும் வாய்ப்பு உயர்கிறது. ஆகவே 25 வயதில் நிம்மதியாகத் தூங்கிய ஒருவர், அதே தாடையோடு, 6 கிலோ கூடியதும் 45 வயதில் அறையே அதிரக் குறட்டை விடுவது முரண்பாடல்ல. விசாலமான கூடு உள்ளவர் 20 கிலோ கூடினாலும் தாங்கிக்கொள்வார். குறுகிய கூடு உள்ளவருக்குச் சில கிலோவே போதும். அவரவர் எடைக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைத் தாடை முன்கூட்டியே நிர்ணயித்துவிடுகிறது.

ஆசிய நாடுகளைச் சேர்ந்தவர்களையும் ஐரோப்பிய வம்சாவளியினரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், குறைந்த எடையிலேயே ஆசியர்களுக்கு இந்த நோய் கடுமையாக வருவதற்கு முக எலும்பின் அமைப்பு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ‘ஆள் ஒல்லியாகத்தானே இருக்கிறீர்கள், உங்களுக்கு அந்த நோயெல்லாம் வராது’ என்று பகலெல்லாம் தூங்கி வழிகிற ஒருவரைத் திருப்பி அனுப்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற பழக்கம். அவர் மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவே நான்குவழிச் சாலையில் இரவில் லாரி ஓட்டுகிறவராக இருக்கலாம். எடையைப் பார்த்த கண், முகத்தையும் ஒருமுறை பக்கவாட்டில் பார்க்க வேண்டும்.

இந்த உறவு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைக் காட்டும் தீவிரமான நிலை ஒன்று உண்டு. சிறு வயதில் மரத்திலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ விழுந்து நாடியில் அடிபடும் பிள்ளைக்கு, அடி மோவாயில் பட்டாலும் முறிவு காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டில் நிகழலாம். தோலில் தையல் போட்டு அனுப்பிவிட்டு மூட்டைக் கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு அந்த மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிவிடுகிறது. வாய் திறக்க முடியாமல் போவதோடு, கீழ்த்தாடையின் வளர்ச்சியும் அங்கேயே நின்றுவிடுகிறது. மற்ற முகம் பெரியவரின் முகமாக வளர, கீழ்த்தாடை மட்டும் குழந்தையின் அளவிலேயே தங்கிவிடும். இப்படி வளர்ந்தவர்களில் பலர் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். படுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது. பிறவியிலேயே தாடை சிறுத்து, நாக்கு பின்னால் விழுந்து மூச்சு திணறும் குழந்தைகளைப் பற்றிப் பிரெஞ்சு மருத்துவர் பியர் ராபின் 1923இல் எழுதினார். அந்தக் கோளாறு இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது. தாடைக்கும் மூச்சுக்கும் தொடர்பே இல்லை என்று யாராவது சொன்னால், இவ்விரு நிலைகளையும் காட்டினால் போதும்.

பல் மருத்துவர் அளக்கும் விதம்

அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899இல் வகுத்த முறைதான் இன்றும் பல் வரிசையைப் பேசுவதற்கான பொது மொழியாக இருக்கிறது. மேல் கீழ்க் கடைவாய்ப் பற்கள் பொருந்தும் விதத்தை வைத்து அவர் மூன்று வகை பிரித்தார். அதே எண்களைத் தாடைகளுக்கும் பயன்படுத்துகிறார்கள்: இரு தாடைகளும் இசைந்து நிற்பது முதல் வகை, கீழ்த்தாடை பின்தங்கியிருப்பது இரண்டாம் வகை, கீழ்த்தாடை முந்தி நிற்பது மூன்றாம் வகை.

தாடை எலும்பை அளக்கப் பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியாக அறிமுகப்படுத்திய முறை இது. இரண்டு காதுத் துளைகளிலும் சிறு தண்டுகளைப் பொருத்தித் தலை அசையாமல் நிறுத்தி, எப்போதும் ஒரே தூரத்தில் படம் எடுப்பார்கள். அந்தப் படத்தில் மண்டையோட்டின் அடித்தளத்திலிருந்து மூக்கின் வேர் வரை ஒரு கோடு வரைந்து, அதிலிருந்து மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் கோணம் அளப்பார்கள். பொதுவாகப் பாடநூல்கள் தரும் சராசரி, மேல்தாடைக்கு 82 பாகை, கீழ்த்தாடைக்கு 80 பாகை, இரண்டுக்கும் வேறுபாடு 2 பாகை. அதே படத்தில் நாக்கின் அடிக்கும் தொண்டையின் பின்சுவருக்கும் இடையே கருமையாகத் தெரியும் காற்று வெளியையும் அளக்கலாம். ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் என்பது அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் சராசரி.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், கீழ்த்தாடை பின்தங்கிய பெரியவர்களுக்குத் தொண்டையின் காற்று வெளி சராசரியாகக் குறைவாகவும், முந்தி நிற்பவர்களுக்குச் சற்று அதிகமாகவும் இருக்கிறது. ஆனால் முன்பின் நிலை மட்டுமே கணக்கல்ல. முகம் நீண்டு, கீழ்த்தாடை கீழும் பின்னுமாகச் சரிந்து வளர்ந்தவர்களுக்கும் குறுகல் காணப்படுகிறது. நாவடி எலும்பு தாழ்ந்து நிற்பது மூச்சுத் தடை உள்ளவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் அடையாளம். மேல்தாடை பின்தங்கினால் மெல்லண்ணமும் அதோடு பின்னே போகிறது. தூக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு முதலில் அடைபடும் இடம் மெல்லண்ணத்தின் பின்பகுதியே என்பதால், நாக்கையும் நாடியையும் மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். மேல்தாடை குறுகி, அண்ணம் ஒடுங்கி உயர்ந்திருந்தால் நாக்குக்கு மேலே இடம் கிடைக்காமல் அது தாழ்ந்து பின்னே தங்குகிறது.

தாடையின் நிலை என்பது எலும்பு எவ்வளவு வளர்ந்தது என்பதோடு முடிந்துவிடுவதில்லை. அந்த நேரத்தில் வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதும் அதில் அடங்கும். கீழ்த்தாடை காதருகே உள்ள மூட்டில் சுழலுவதால், வாய் திறக்கும்போது மோவாய் கீழே இறங்குவதோடு பின்னோக்கியும் போகிறது. கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று மோவாயில் ஒரு விரலை வைத்துக்கொண்டு மெல்ல வாயைத் திறந்தால் இது தெரியும். மூக்குத் தண்டு வளைவு, சதை வளர்ச்சி, தூசு ஒவ்வாமை என ஏதோ ஒன்றால் மூக்கு அடைத்து வாயால் மூச்சு விடுகிறவர், எலும்பில் எந்தக் குறையும் இல்லாமலே இரவு முழுவதும் பின்தங்கிய தாடையோடு தூங்குகிறார். பேருந்தில் தூங்கும் மனிதருக்குத் தலை கவிழ்வதும் சேர்ந்துகொள்கிறது. கழுத்து முன்னே வளைந்தால் தொண்டை இன்னும் நசுங்கும்.

படத்தில் தெரியாதவை

மேலே சொன்ன சராசரிகள் குழுக்களைப் பற்றியவை. ஒரு தனிமனிதரிடம் வந்தால் உறவு தளர்ந்துவிடுகிறது. தாடைக் கோணத்தையும் தொண்டையின் கொள்ளளவையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டுக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் மெலிதாகவோ நடுத்தரமாகவோதான் இருக்கிறது. பின்தங்கிய தாடையோடு விசாலமான தொண்டை உள்ளவர்கள் உண்டு; எடுப்பான தாடையோடு கடுமையான மூச்சுத் தடை உள்ளவர்களும் உண்டு.

இதற்குக் காரணங்கள் தெளிவானவை. பக்கவாட்டு எக்ஸ்ரே தட்டையான படம். தொண்டையின் முன்பின் அளவு அதில் தெரியும், அகலம் தெரியாது. சி.டி. வகைப் படங்கள் முப்பரிமாணத்தில் காட்டுகின்றன. மொத்தக் கொள்ளளவைவிட, மிகக் குறுகிய இடத்தின் குறுக்குப் பரப்பளவே அவற்றில் அதிகம் கவனிக்க வேண்டியது, ஏனெனில் அடைப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் எந்தப் படமாக இருந்தாலும் தலை எவ்வளவு நிமிர்ந்திருந்தது, நாக்கு எங்கே இருந்தது, மூச்சு உள்ளே போய்க்கொண்டிருந்ததா வெளியே வந்துகொண்டிருந்ததா, நோயாளி நின்றாரா படுத்தாரா என்பவற்றைப் பொறுத்து அளவு மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, படம் எடுக்கும்போது அவர் விழித்திருக்கிறார். நோயோ தூக்கத்தில் வருகிறது. தசைகள் எவ்வளவு தளரும், மூளை எவ்வளவு சீக்கிரம் விழித்துக்கொள்ளும் என்பதை எலும்பின் படம் சொல்லாது.

வெறும் புகைப்படத்தின் நிலை இதைவிட மோசம். கீழ்த்தாடை சரியான இடத்திலேயே இருந்து, மோவாயின் நுனி மட்டும் சிறுத்திருப்பவர்கள் பக்கவாட்டில் தாடை இல்லாதவர்கள் போலத் தோன்றுவார்கள். தாடி வைத்திருந்தால் இருக்கும் குறையும் தெரியாது.

ஆகவே நோய் இருக்கிறதா என்பதைத் தூக்கச் சோதனையே தீர்மானிக்கிறது. ஓர் இரவு முழுவதும் மூச்சின் ஓட்டம், நெஞ்சின் அசைவு, ரத்தத்தில் ஆக்சிஜன் ஆகியவற்றைப் பதிவு செய்து, 10 வினாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்ற தருணங்களையும் மிகவும் குறைந்த தருணங்களையும் எண்ணுவார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. தாடையின் அளவு, இந்த எண் ஏன் வந்தது என்பதையும் எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதையும் புரிந்துகொள்ள உதவும். எண்ணுக்குப் பதிலாக அதை வைக்கக் கூடாது.

தாடையை நகர்த்தும் சிகிச்சைகள்

நடுத்தர, கடுமையான நிலைகளுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது சி-பாப் எனப்படும் காற்றழுத்தக் கருவி. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்ட இந்த முறை தாடையைத் தொடுவதே இல்லை. முகமூடி வழியே செலுத்தும் காற்றின் அழுத்தத்தால் தொண்டைச் சுவர்களை உட்புறமிருந்து விலக்கிப் பிடிக்கிறது.

முகமூடியைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்களுக்கும் லேசான, நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கும் தாடையை முன்னிழுக்கும் வாய்க் கருவி உண்டு. மேற்பல் வரிசையிலும் கீழ்ப்பல் வரிசையிலும் பொருந்தும் இரண்டு தகடுகளை இணைத்து, ஒருவர் தாடையை நீட்டக்கூடிய முழுத் தூரத்தில் பாதி முதல் முக்கால் பங்கு வரை கீழ்த்தாடையை முன்னே நிறுத்துவார்கள். நடைமுறையில் இது பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். நாக்கு முன்னே வருவதால் நாக்கின் பின்புறம் முன்பின்னாக விரியும் என்றே எதிர்பார்ப்போம். உண்மையில் பலருக்கு மெல்லண்ணத்தின் பின்பகுதி பக்கவாட்டில் விரிகிறது. தொண்டையின் பக்கச் சுவர்களைக் கீழ்த்தாடையின் பின்பகுதியோடு இணைக்கும் திசுக்கள் இழுபடுவதே அதற்குக் காரணம். எல்லாருக்கும் பலன் ஒன்றுபோல் இல்லை: ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் அடங்கிவிடுகிறது, இன்னொரு பங்கினருக்கு ஓரளவு குறைகிறது, மற்றவர்களுக்குப் பெரிய பலன் கிடைப்பதில்லை. கருவியைத் தாங்கப் போதுமான உறுதியான பற்கள் வேண்டும். பாக்கு மென்று வாய் இறுகிப்போனவர்களுக்கு அதைப் பொருத்துவதே கடினம். ஆண்டுக்கணக்கில் அணிந்தால் பற்கள் சற்றே நகர்ந்து கடி மாறக்கூடும் என்பதால் பல் மருத்துவரின் தொடர் கண்காணிப்பு தேவை. இணையத்தில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் வகைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கூட்டையே பெரிதாக்குவது அறுவை. மேல், கீழ் இரண்டு தாடைகளையும் வெட்டிச் சுமார் 10 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தித் தகடும் திருகும் வைத்துப் பொருத்துகிறார்கள். தகுந்தவர்களைத் தேர்ந்து செய்தால், நூற்றுக்குச் சுமார் 85 பேருக்கு மூச்சுத் தடையின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைகிறது. முழுவதும் குணமாகிறவர்கள் அதில் பாதியளவு. பெரிய அறுவை என்பதையும், கீழுதட்டில் மரத்த உணர்வு சிலருக்கு நீடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாடை மிகவும் சிறுத்தவர்களுக்கு, எலும்பை வெட்டி நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் மெல்ல விலக்கி, இடைவெளியில் புது எலும்பு வளரச் செய்யும் முறையும் உண்டு; மனிதரின் கீழ்த்தாடையில் இம்முறை செய்யப்பட்டதை நியூயார்க்கைச் சேர்ந்த ஜோசப் மெக்கார்த்தி 1992இல் வெளியிட்டார்.

எதிர்த்திசையில் நகர்த்தினால் என்ன ஆகும் என்பதும் அதே அளவுக்கு முக்கியம், ஆனால் குறைவாகவே பேசப்படுகிறது. கீழ்த்தாடை முந்தி நிற்கும் இளைஞர்கள் கல்யாணத்துக்கு முன் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று வருவதுண்டு. தாடையைப் பின்னே தள்ளும் அறுவையில் நாக்கும் நாவடி எலும்பும் பின்னே போய்த் தொண்டை ஓரளவு குறுகுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரும்பாலானவர்களின் உடல் அதற்குப் பழகிக்கொள்கிறது. ஆனால் ஏற்கெனவே குறட்டை விடுபவருக்கும் எடை கூடியவருக்கும் அந்தக் குறுகல் பிற்காலத்தில் சுமையாகலாம். கீழ்த்தாடையை மட்டும் பின்னே தள்ளுவதற்குப் பதிலாக மேல்தாடையை முன்னே கொண்டுவந்து, கீழ்த்தாடையைக் குறைவாகத் தள்ளினால் குறுகலும் குறைகிறது. அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் ‘என் தூக்கத்தைப் பற்றி ஏன் கேட்கவில்லை’ என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை.

எத்துப்பல்லுக்காக நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துக் கிளிப் போட்டால் மூச்சுப் பாதை சுருங்கி நோய் வரும் என்ற பயம் இப்போது பரவியிருக்கிறது. பல் எடுத்ததால் இந்த நோய் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின் நிலைப்பாடு. நாக்கை அண்ணத்தில் அழுத்தி வைத்திருந்தால் பெரியவர்களுக்கும் தாடை முன்னே வளரும் என்ற பேச்சுக்கும் ஆதாரம் கிடையாது. நாக்குக்கும் தொண்டைக்குமான பயிற்சிகள் தசையை வலுவாக்கி மூச்சுத் தடையை ஓரளவு குறைக்கக்கூடும். எலும்பை அவை நகர்த்துவதில்லை.

மதுரையில் இருப்பவர்கள் இதற்காக வெளியூர் போக வேண்டிய அவசியம் இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரோ நுரையீரல் மருத்துவரோ தூக்கச் சோதனைக்கு எழுதித் தருவார்; தாடையை அளப்பது பல் சீரமைப்பு மருத்துவரின் வேலை. வீட்டில் இருப்பவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது, ஏனெனில் மூச்சு நின்று திணறி மீள்வதைக் கண்டவர் அவர்தான். வாய்க் கருவி போட்டுக்கொண்டு குறட்டைச் சத்தம் அடங்கிய பிறகும் மூச்சுத் தடை நீடிக்கலாம் என்பதால், தாடையை உரிய அளவுக்கு முன்னகர்த்தியதும், கருவியை மாட்டிய நிலையிலேயே இன்னோர் இரவு சோதனை செய்து எண்ணைப் பார்ப்பார்கள். அந்த எண் போதுமான அளவு இறங்கவில்லை என்றால் தாடையை மேலும் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என முன்னே நகர்த்துவதா அல்லது சி-பாப்புக்கு மாறுவதா என்பதை அப்போது முடிவு செய்யலாம்.